லீட்ஸில் இருக்கும் மகளுக்குப் பாட்டியின் சூஜி கேக்கும் வெள்ளத்துக் கஞ்சியும்: கிராம் கணக்கில் சொல்லித் தருவீர்களா?

ஜெலுத்தோங் அம்மா | 28 அக்டோபர் 2025

எல்லாருக்கும் வணக்கம். அடுப்படி விஷயம் கைவந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

என் மகள் செப்டம்பரில் இங்கிலாந்துக்கு, லீட்ஸுக்குப் படிக்கப் போனாள். அவள் பார்க்கும் முதல் இலையுதிர் காலம் இது. தீபாவளியன்று கூட அழவில்லை. இங்கிருந்து கொண்டுபோன முறுக்கை அறைத் தோழிகளுக்குக் கொடுத்து, சேலை கட்டிப் படம் எடுத்து அனுப்பினாள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். மலேசியாவில் இருக்கும் எங்களுக்கும் அவளுக்கும் இருந்த ஏழு மணி நேர வித்தியாசம் எட்டாகிவிட்டது. நேற்று நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. பதறிப்போய் எடுத்தேன். "அம்மா, இங்க இன்னும் அஞ்சு மணிகூட ஆகல, இருட்டிப்போச்சு" என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டி சூஜி கேக் எப்படிம்மா செய்யணும்? அந்த வெள்ளத்துக் கஞ்சி?" என்று கேட்டாள். பினாங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வருஷம் முழுக்க ஏழு, ஏழரைக்குத்தான் பொழுது சாயும். பகல் இப்படி சுருங்கும் என்று நான் அவளிடம் சொல்லி அனுப்பவே இல்லை. எனக்கே தெரியாது.

சூஜி கேக், அதாவது ரவை கேக், என் அம்மாவின் கைப்பக்குவம். கல்யாணத்துக்கு முன் அவர் புலாவ் தீக்குசில் ஒரு செரானி (யூரேசியர்) வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தார். அந்த வீட்டு அம்மா கிறிஸ்துமசுக்குச் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பிறகு தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் வீட்டில் செய்தார். 2022-ல் அம்மா தவறிவிட்டார். அவர் எழுதி வைத்த பள்ளிக்கூட நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளதை அப்படியே தருகிறேன்:

"ரவை 1 டின். பட்டர் ஒன்றரைக் கட்டி. சீனி 1 டின். மாவு அரை டின். முட்டை மஞ்சள் 10, வெள்ளை 4. பாதாம் இடித்தது 2 கை. பிராந்தி 2 மூடி. வெனிலா. ராத்திரி ஊற வை. காலையில் சுடு. வாசம் வந்ததும் பார்."

டின் என்றால் பால் டின். கெட்டிப்பால் டின்னைக் கழுவிக் காயவைத்து அரிசி அளக்கிறோமே, அதுதான். அம்மாவின் டின் இன்னும் என் அரிசி வாளிக்குள் கிடக்கிறது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தராசை எடுத்து நிறுத்துப் பார்த்தேன். தலை தட்டி ஒரு டின்னுக்கு அரிசி 260 கிராம், சீனி 255, ரவை 210, மாவு 175 வருகிறது. கட்டி என்பது 250 கிராம் வெண்ணெய்க் கட்டி. இவ்வளவுதான் என்னால் முடிந்தது. என் மகளிடம் இருப்பது ஒரு சின்னத் தராசு, ஆறு பேர் பொதுவில் புழங்கும் சமையலறை, அதில் விசிறி வைத்த ஓவன் ஒன்று. பத்து மஞ்சள் கரு போட்டுச் செய்யும் கேக்கை அந்தப் பிள்ளை எப்படிச் சமாளிப்பாள்? அளவைக் குறைத்தால் ருசி மாறுமா? எத்தனை டிகிரி வைக்க வேண்டும்? அம்மா வைத்திருந்த பழைய ஓவனில் எண்ணே அழிந்துபோயிருந்தது, கையை உள்ளே நீட்டித்தான் சூடு பார்ப்பார்.

அடுத்தது கஞ்சி. 2017 நவம்பர் 4-ஆம் தேதி ராத்திரி பினாங்கில் அடித்த புயல்மழையை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கரண்ட் இல்லை. ஐஸ்பெட்டி மேசைமேல் ஏறிவிட்டது. அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காஸ் அடுப்பை உயரத்தில் தூக்கி வைத்து, பச்சரிசி, வெந்தயம், பூண்டு, பெட்டியில் இருந்த தேங்காய்ப்பால் எல்லாம் போட்டு ஒரு பானைக் கஞ்சி காய்ச்சினார். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பமும் எங்களோடு மாடிப்படியில் உட்கார்ந்து குடித்தது. அப்போது என் மகளுக்குப் பதினோரு வயது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு வெள்ளத்துக் கஞ்சி என்றுதான் பேர். ஆனால் அம்மா அன்றைக்குக் கண் அளவாகப் போட்டதுதான், எழுதி வைக்கவில்லை. நான் எத்தனையோ முறை காய்ச்சிவிட்டேன், ஒன்று வெந்தயம் கசக்கிறது, இல்லையென்றால் பால் திரிகிறது.

இன்னொன்று. அங்கே இப்போது கடைகளில் எங்கே பார்த்தாலும் பூசணியும் ஆப்பிளும்தானாம், விலையும் மலிவாம். அதை வைத்து அவள் சூடாகச் சாப்பிடுகிற மாதிரி எளிதாக ஏதாவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். காசு பார்த்துத்தான் செலவு செய்கிறாள்.

செந்தூல் கேக் அக்கா | 28 அக்டோபர் 2025

தங்கச்சி, நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டின்னை நிறுத்துப் பார்த்தீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. பதினைந்து வருஷமாகச் செந்தூலில் வீட்டிலிருந்தே தீபாவளி ஆர்டருக்குச் சூஜி கேக் செய்கிறேன். உங்கள் அம்மாவின் கணக்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது சரியான செரானி வீட்டுக் கணக்குதான். ரவையும் வெண்ணெயும் தூக்கலாக இருக்கும், மாவு பிடிமானத்துக்கு மட்டும்.

மகளுக்குப் பாதி அளவு போதும், ருசி மாறாது. இப்படி எழுதி அனுப்புங்கள்: ரவை 105 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 185, சீனி 130, மைதா 45, பாதாம் தூள் 70, பேக்கிங் பவுடர் முக்கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, மஞ்சள் கரு 5, வெள்ளை 2, பிராந்தி ஒரு மேசைக்கரண்டி, வெனிலா ஒரு தேக்கரண்டி. பாட்டி நோட்டில் பேக்கிங் பவுடர் இல்லை. அவர் கை வெள்ளைக்கருவை அடித்த அடியில் கேக் எழும்பியிருக்கும். முதல் தடவை செய்கிற பிள்ளைக்கு அந்த முக்கால் தேக்கரண்டி துணையாக இருக்கட்டும். பிராந்தி வேண்டாமென்றால் ஆரஞ்சுச் சாறு ஊற்றலாம். 18 சென்டிமீட்டர் வட்டத் தட்டு, அடியிலும் சுற்றிலும் எண்ணெய்த் தாள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், இதைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புங்கள். நம் ஊரில் வெண்ணெயை வெளியே வைத்தால் அரை மணி நேரத்தில் தானாக இளகிவிடும். ரவையைக் கலந்து மூடி வைத்தால் ராத்திரி முழுக்க அந்த இளகின வெண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். சூஜி கேக்கின் மெத்து அதில்தான் இருக்கிறது. லீட்ஸ் சமையலறையில் இந்த மாதத்தில் வெண்ணெய் கல்லாகவே கிடக்கும். ரவையைக் கலந்து வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் மறுபடி இறுகிவிடும், ரவை உள்ளே வறண்டே கிடக்கும். சுட்டு எடுத்தால் மண்ணைக் கடித்த மாதிரி பல்லில் நறநற என்று இருக்கும். ஆகவே வெண்ணெயையும் சீனியையும் வெளுக்கும்வரை அடித்து, ரவையைக் கலந்து, பாத்திரத்தை மூடி அறையில் இருக்கும் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஹீட்டர்மேல் வைக்கக் கூடாது, வெண்ணெய் உருகி எண்ணெயாகப் பிரிந்துவிடும். விரலால் தொட்டால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் வழியக் கூடாது, அந்தப் பதம். எட்டு மணி நேரம் அப்படி இருக்கட்டும்.

முட்டையும் அப்படித்தான். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததும் உடைத்து ஊற்றினால் வெண்ணெய் திரிந்து தண்ணீர் விடும். முட்டையை ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு வைத்தால் போதும். பிறகு மஞ்சள் கருவை ஒவ்வொன்றாக ஊற்றி அடித்து, பாதாம், மாவு, பிராந்தி சேர்த்து, கடைசியில் வெள்ளைக்கருவை மென்மையான முனை நிற்கும்வரை அடித்து, மடித்து மடித்துக் கலக்க வேண்டும். வேகமாகக் கிண்டக் கூடாது.

விசிறி ஓவன் என்றால் 150 டிகிரி, விசிறி இல்லாததற்கு 170. ஐம்பது நிமிஷத்துக்கு முன்னால் கதவைத் திறக்க வேண்டாம். மேலே சீக்கிரம் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போடலாம். பல்குச்சியைக் குத்தினால் ஈரமில்லாமல் வர வேண்டும். அன்றைக்கே வெட்டாமல் இருந்தால் நல்லது, மறுநாள்தான் ருசி கூடும்.

கிள்ளான் ஓய்வு நர்ஸ் | 29 அக்டோபர் 2025

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நானும் 1974-ல் நர்சிங் பயிற்சிக்கு யார்க்ஷயருக்குப் போனவள். அந்தக் காலத்தில் நம் நாட்டிலிருந்து நிறையப் பெண்கள் அப்படிப் போனோம். போன் பேச வசதி இல்லை. வீட்டுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர இரண்டு வாரம் ஆகும். முதல் அக்டோபர் கடைசியில், ஐந்து மணிக்கு வார்டு ஜன்னலில் இருட்டைப் பார்த்து எனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்றே நினைத்தேன். உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: காலை ஒன்பது, பத்து மணி வெளிச்சத்தை விடக் கூடாது. வகுப்பு இல்லையென்றாலும் கோட்டு போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வரட்டும். மனசுக்கு அது அவ்வளவு செய்யும்.

பூசணி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அக்டோபர் 31 ஹாலோவீனுக்காகக் குவித்து வைத்திருக்கும் பெரிய ஆரஞ்சுப் பூசணி முகம் செதுக்கத்தான் லாயக்கு. சதை நார் நாராக இருக்கும், ஒரே தண்ணீர், இனிப்பே இருக்காது. மறுநாள் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அதில் கறி வைத்தால் ஏமாந்துபோவாள். பட்டர்நட் என்று சுரைக்காய் வடிவத்தில் வெளிர்மஞ்சளாக ஒன்று இருக்கும். நம் பரங்கிக்காய்க்கு அதுதான் பக்கத்தில் வரும். தோலைச் சீவி, துண்டு போட்டு, ஒரு வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், மஞ்சள் தூள், உப்பு சேர்த்துக் கொஞ்சம் தண்ணீரில் வேகவிட்டு, கடைசியில் அரை டின் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினால் பால்கறி. சோறு வடித்தால் போதும், வேறெதுவும் வேண்டாம். லீட்ஸில் கெர்க்கேட் மார்க்கெட் என்று ஒரு பழைய பெரிய சந்தை இருக்கிறது. காய்கறி அங்கே மலிவு. ரவை, வெந்தயம், பாசிப்பருப்பு வேண்டுமென்றால் ஹேர்ஹில்ஸ் பக்கம் இந்திய, பாகிஸ்தானியக் கடைகள் உண்டு.

ஆப்பிளுக்கு கிரம்பிள் செய்யட்டும். பிராம்லி என்று பச்சையாகப் பெரிதாக இருக்கும் ஆப்பிளை வாங்க வேண்டும். பச்சையாகத் தின்ன முடியாது, அவ்வளவு புளிப்பு, ஆனால் வெந்தால் குழைந்து பஞ்சாகிவிடும். நாலு ஆப்பிளைத் தோல் சீவி வெட்டி, மூன்று மேசைக்கரண்டி சீனி தூவி, ஓவன் பாத்திரத்தில் பரப்ப வேண்டும். மாவு 200 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 100, சீனி 100 மூன்றையும் விரல்நுனியால் உதிர்த்து, புட்டு மாவு மாதிரி ஆனதும் மேலே தூவி, விசிறி ஓவனில் 170 டிகிரியில் நாற்பது நிமிஷம். இதில் வெண்ணெய் குளிர்ந்தே இருக்க வேண்டும், அதனால் அந்த ஊர்ச் சமையலறைக்கு ரொம்பத் தோதான பலகாரம். புட்டுக்கு மாவு பிசறத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லியே தர வேண்டாம்.

எனக்கு அந்த ஊரில் பிடித்துப்போனது பார்க்கின். யார்க்ஷயர்க்காரர்கள் நவம்பர் 5-ஆம் தேதி நெருப்பு மூட்டிப் பட்டாசு வெடிக்கும் இரவில் சாப்பிடும் இஞ்சி கேக். ஓட்ஸ் மாவு போட்டுச் செய்வது. முதன்முதலாக ஒரு வார்டு சிஸ்டர் எனக்கு ஒரு துண்டு கொடுத்தபோது, வாயில் வைத்ததும் கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்த வாசம். எங்கள் ஆயா நினைவில் கண் கலங்கிவிட்டது. உங்கள் மகள் லீட்ஸில் இருக்கும்போது இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது, அங்கே அது மண்ணின் பலகாரம்.

வெண்ணெய் 120 கிராம், பழுப்புச் சீனி 100, கோல்டன் சிரப் 150, கருப்பாக இருக்கும் டிரீக்கிள் பாகு 50, நாலையும் சிறு தீயில் உருக்கி ஆறவிட வேண்டும். கொதிக்கக் கூடாது. ஓட்ஸ் மாவு 150, செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வருவது) 150, சுக்குத்தூள் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பாகை ஊற்றிக் கலந்து, ஒரு முட்டை, மூன்று மேசைக்கரண்டி பால் சேர்த்து, சதுரத் தட்டில் ஊற்றி, விசிறி ஓவனில் 140 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஓட்ஸ் மாவு கிடைக்காவிட்டால் சாதா ஓட்ஸை மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். ஆறியதும் தாளில் சுற்றி டப்பாவில் மூடி வைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் கெட்டியாக வறட்டென்று இருக்கும். நாலு நாள் கழித்துத் திறந்தால் பிசுபிசுவென்று மெதுவாகியிருக்கும். அவசரப்பட்டு முதல் நாளே தின்றுவிட்டு நன்றாக இல்லை என்று சொல்லிவிடப் போகிறாள்.

கிள்ளானில் நான் சிரப்புக்கும் டிரீக்கிளுக்கும் பதிலாக 200 கிராம் குலா மலாக்காவை (தென்னை வெல்லம்) நாலு கரண்டித் தண்ணீரில் உருக்கி ஊற்றுகிறேன். நீங்களும் பினாங்கில் செய்து பாருங்கள். ஒரே வாரத்தில் அம்மாவும் மகளும் ஒரே பலகாரத்தைத் தின்னலாம்.

சூலியா ஸ்ட்ரீட் பாய் | 29 அக்டோபர் 2025

அக்கா, அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். உங்க அம்மா காய்ச்சின கஞ்சி, நம்ம நோன்புக் கஞ்சிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கு. நோன்பு மாசத்துல கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்ல அண்டா அண்டாவா காய்ச்சி ஊத்துவாங்க, சின்ன வயசுல தூக்குவாளியோட எங்க அத்தா கையப் பிடிச்சிக்கிட்டு வரிசையில நின்னிருக்கேன். எங்க வீட்டுல இப்பவும் நான்தான் கஞ்சி காய்ச்சுவேன். அதனால உங்க ரெண்டு பிரச்சினைக்கும் எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்.

வெந்தயம் கசக்குதுன்னா ஒண்ணு கூடப் போட்டிருப்பீங்க, இல்ல வறுக்கும்போது கருக விட்டிருப்பீங்க. அரை டின் அரிசிக்கு, அதாவது உங்க கணக்குப்படி 130 கிராமுக்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி தட்டி எடுத்தது போதும். வறுக்கவே வேணாம். அரிசியோட சேர்த்தே ஒரு மணி நேரம் ஊற வெச்சு, அந்தத் தண்ணிய வடிச்சிட்டு புதுத் தண்ணி ஊத்துங்க. கசப்பு பாதி அந்தத் தண்ணியோட போயிடும்.

பால் திரியறதுக்குக் காரணம், அடுப்பு எரியும்போதே ஊத்திக் கொதிக்க விடறதுதான். கஞ்சி குழைஞ்சதும் உப்பப் போட்டுக் கிளறி, அடுப்ப அணைச்சிட்டு, ரெண்டு நிமிஷம் விட்டு தேங்காய்ப்பால ஊத்துங்க. திரும்பச் சுட வைக்கணும்னா சின்னத் தீ, ஓரத்துல சின்னச் சின்னக் குமிழி வந்ததும் இறக்கிடணும்.

மகளுக்கு: பச்சரிசி 130 கிராம், அது இல்லன்னா எந்த அரிசியா இருந்தாலும் ஊற வெச்சு கையால நொறுக்கிக்கலாம். பாசிப்பருப்பு ரெண்டு மேசைக்கரண்டி. பூண்டு எட்டுப் பல்லு முழுசா. இஞ்சி ஒரு விரல் அளவு தட்டினது. ஒன்றரை லிட்டர் தண்ணி. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு, கொதி வந்ததும் தீயக் குறைச்சு முக்கால் மணி நேரம், நடுநடுவுல கிளறணும், இல்லன்னா அடிப்பிடிக்கும். அங்க தேங்காய்ப்பால் 400 மில்லி டின்னுல கிடைக்கும், பாதி ஊத்தினாப் போதும். மீதிப் பாதி நர்ஸ் அம்மா சொன்ன பரங்கிக்காய்க்கு. எங்க வீட்டுக் கஞ்சியில பட்டை, கிராம்பு, கொத்துக்கறியும் போடுவோம். உங்க வீட்டு முறையில அது வேணாம், வெந்தய வாசம் அமுங்கிப் போயிடும்.

தொட்டுக்க என்னன்னு கேட்டா, ஒரு வெங்காயத்தப் பொடியா நறுக்கி, உப்பு, மிளகாத்தூள், எலுமிச்சை பிழிஞ்சு வைக்கச் சொல்லுங்க. உங்க மகள நல்லா ஆக்கி வெப்பான் அல்லாஹ்.

மான்செஸ்டரிலிருந்து திரும்பினவன் | 30 அக்டோபர் 2025

ஆன்ட்டி, போன வருஷம்தான் அங்க படிப்பு முடிச்சிட்டு பாயான் பாருவுக்குத் திரும்பினேன். ரெண்டே ரெண்டு விஷயம் சொல்லணும்.

அந்த ஊர் மாணவர் விடுதியில புகை மணி ரொம்ப நுணுக்கமா வேலை செய்யும். காஞ்ச மிளகாயும் கடுகும் தாளிச்சா மொத்தக் கட்டடமும் ராத்திரில வெளிய வந்து குளிர்ல நிக்கும். தாளிக்கணும்னா முதல்ல ஜன்னலத் திறந்து, மூடி போட்ட சின்ன வாணலில, எண்ணெய் புகையறதுக்கு முன்னாடியே கடுகப் போட்டு உடனே மூடச் சொல்லுங்க. காஞ்ச மிளகா அடுப்ப அணைச்சதுக்கு அப்புறம்.

அடுத்தது, ஆசைப்பட்டு நெய் பார்சல் அனுப்பிடாதீங்க. பால் பொருள், இறைச்சி ரெண்டையும் நம்ம நாட்டுலேர்ந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோகவோ அனுப்பவோ அனுமதி கிடையாது. எங்கம்மா அனுப்பின நெய் எனக்கு வந்து சேரவே இல்ல. உப்பில்லாத வெண்ணெய் ஒரு கட்டிய சின்னத் தீயில இருபது நிமிஷம் உருக்கி வடிகட்டினா நெய் தயார், எனக்கு ரெண்டு வாரத்துக்கு வரும். அனுப்பறதா இருந்தா மசாலாச் சாமான் அனுப்புங்க. பாலிக் புலாவ் ஜாதிக்காய் நாலு போதும், ஒரு வருஷம் ஓடும். ஆப்பிள் கிரம்பிள்ல அத உரசிப் போட்டுச் சாப்பிட்ட எங்க வீட்டு வெள்ளைக்காரப் பசங்க, இது எந்த ஊரு வாசனைன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

ஜெலுத்தோங் அம்மா | 10 நவம்பர் 2025

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். செய்து பார்த்துவிட்டு வந்து சொல்லலாம் என்று இருந்தேன்.

கஞ்சி முதல் தடவையிலேயே வந்துவிட்டது. பாய் சொன்னபடி ஊறவைத்த தண்ணீரை வடித்துவிட்டு, அடுப்பை அணைத்துப் பால் ஊற்றினாள். வீடியோவில் பார்த்தேன், முகம் தெரியாத அளவுக்கு ஆவி. முதல் கரண்டியைக் குடித்ததும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கரண்டி குடித்துவிட்டு, "படிக்கட்டு ஞாபகம் வருதும்மா" என்றாள். அன்றைக்கு நானும் இங்கே அதே அளவில் காய்ச்சினேன். வெளியே சோவென்று மழை. இத்தனை வருஷம் நான் வெந்தயத்தை வறுத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். வாசம் வரட்டும் என்று நானாகச் சேர்த்துக்கொண்ட பழக்கம், அம்மா அப்படிச் செய்ததே இல்லை.

சூஜி கேக் முதல் தடவை நடுவில் குழி விழுந்துவிட்டது. நாற்பதாவது நிமிஷம் சமையலறைக்கு வந்த வேறொரு பிள்ளை தன் பீட்சாவை வைக்க ஓவன் கதவைத் திறந்துவிட்டதாம். ரவையும் ஊறியிருக்கவில்லை. ராத்திரியில் அந்த விடுதியில் ஹீட்டர் தானாக அணைந்துவிடுமாம், விடியும்போது வெண்ணெய் கல்லாகக் கிடந்திருக்கிறது. பிள்ளை மனசு விட்டுப்போனாள். அவளே யோசித்து இரண்டாம் தடவை ஒரு வேலை செய்தாள். சுடுதண்ணீர்ப் பையைத் துண்டில் சுற்றி, அதன்மேல் பாத்திரத்தை வைத்து, தன் கம்பளிச் சட்டையால் மூடி, மேசைக்கடியில் வைத்துவிட்டாள். நடுவில் ஒருமுறை எழுந்து தண்ணீரை மாற்றியிருக்கிறாள். செந்தூல் அக்கா, நீங்கள் சொன்ன அந்த விரல் பள்ளம் காலையில் அப்படியே விழுந்தது என்று படம் பிடித்து அனுப்பினாள். ஓவன் கதவில் தாள் ஒட்டிவிட்டு, ஐம்பது நிமிஷமும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வெட்டினாள். வெட்டின முகத்தைக் காமிராவுக்குக் கிட்டே கொண்டுவந்து காட்டினாள். அந்த மஞ்சளும், ரவை மணி மணியாகத் தெரிவதும், ஓரத்தில் மட்டும் சிவந்திருப்பதும் அப்படியே அம்மா செய்தது. அம்மா எப்போதும் ஓரத்துண்டைத்தான் பேத்திக்குக் கொடுப்பார். அவளும் ஓரத்துண்டைத்தான் முதலில் எடுத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் குரல் உடைந்திருக்கும்.

நர்ஸ் அம்மா, நவம்பர் 5-ஆம் தேதிக்குப் பார்க்கின் செய்ய அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை, பரீட்சை இருந்தது. ஆனால் நான் இங்கே குலா மலாக்காவில் செய்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி நாலு நாள் கட்டி வைத்துத் திறந்தேன். சுக்கும் வெல்லமும் சேர்ந்த வாசம் வீடு முழுக்க. பக்கத்து வீட்டுச் சீன ஆச்சிக்கு, வெள்ளத்தன்று எங்களோடு படிக்கட்டில் இருந்தாரே அவருக்குத்தான், அரைத் தட்டு கொடுத்தனுப்பினேன். காலையில் வெளிச்சத்தில் நடப்பதையும் மகள் ஆரம்பித்துவிட்டாள், நடக்கும்போதுதான் இப்போது எனக்குப் போன். இங்கே மாலை ஐந்தரை, ஆறு மணி, எனக்கும் தோதான நேரம். தம்பி சொன்ன பாலிக் புலாவ் ஜாதிக்காய் நாலுக்குப் பதிலாக ஆறு வாங்கி நேற்று பார்சல் போட்டாயிற்று.

செந்தூல் அக்காவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அவளிடம் மூன்று வெள்ளைக்கரு மீந்து கிடக்கிறது. கொட்ட மனசு வரவில்லையாம். அம்மா அதை என்ன செய்வார் என்று கேட்கிறாள். அம்மா முட்டை அடை போட்டு அப்பாவுக்குக் கொடுத்துவிடுவார், வேறெதுவும் எனக்கு ஞாபகமில்லை.

செந்தூல் கேக் அக்கா | 10 நவம்பர் 2025

சுடுதண்ணீர்ப் பையை நான் யோசிக்கவே இல்லை தங்கச்சி. அடுத்த தடவை யாராவது குளிர்நாட்டிலிருந்து கேட்டால் உங்கள் மகள் சொன்னது என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

வெள்ளைக்கரு இரண்டு நாளைக்குள் தீரவில்லையென்றால் ஐஸ் அச்சில் ஊற்றி உறைய வைக்கலாம், ஒரு குழிக்கு ஒன்று. இப்போதே செய்வதென்றால் தேங்காய்ப்பூ பிஸ்கட். மூன்று வெள்ளைக்கருவை நுரைக்க மட்டும் அடித்து, சீனி 130 கிராம், காய்ந்த தேங்காய்ப்பூ 200, உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா கொஞ்சம். பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, விசிறி ஓவனில் 150 டிகிரியில் இருபது நிமிஷம். நுனி பொன்னிறமாக வந்ததும் எடுத்துவிட வேண்டும். சூட்டில் மெதுவாகத்தான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும். இருபது உருண்டைக்கு மேலேயே வரும், அந்த பீட்சாப் பிள்ளைக்கும் இரண்டு கொடுக்கச் சொல்லுங்கள்.